ஐந்து மணி முட்டை

அப்போதுதான் இட்ட காடை முட்டை கைக்குச் சூடாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதன் புள்ளிகள் சிறிது நேரம் ஈரமாகவே இருக்கும் என்பதும், பெருவிரலால் தடவினால் கபில நிறம் மையைப் போல ஒட்டிக்கொள்ளும் என்பதும் கூட்டின் முன் காத்திருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

1991இல், எனக்குப் பதினொரு வயதானபோது, இணுவிலில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஆறு காடைகள் இருந்தன. விஞ்ஞான ஆசிரியரான அப்பா, போரில் பாதை மூடப்படுமுன் கண்டியிலிருந்து குஞ்சுகளாகக் கொண்டுவந்தவை. எந்தக் காடை எந்த நாள் எத்தனை மணிக்கு இட்டது என்று கொப்பியில் எழுதுவது என் பொறுப்பு. ஒவ்வொன்றின் முட்டையிலும் புள்ளிகள் தனி விதமாக விழும் என்பதால் ஆளை மாற்றி எழுத வழியில்லை. சுவருக்கு அடிக்கும் "தீந்தை"யைச் சிந்தியது போலப் பெரிய கறைகளோடு இடுபவளுக்குத் "தீந்தைக்காரி" என்று பெயர்.

ஷெல்லடிக்குப் பயந்து குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த றீற்றா அக்காவும் கணவரும் எங்கள் முன்னறையில் இருந்தார்கள். பின்னேரம் இடும் காடைகளைப் பார்த்து முதலில் சிரித்தவர் அக்காதான்: "கோழியெண்டால் விடியவே வேலையை முடிச்சிடும். உவை கந்தோர் வேலை விட்டு வாற ஆக்கள் போலை, பொழுதுபடத்தான் போடுவினம்."

சைக்கிளில் கரைக்குப் போய் மீன்பிடித் தொழில் செய்துவந்த அவருடைய கணவர், அந்த ஆவணியில் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. அவர் வள்ளம் தள்ளும் நேரம் ஐந்து மணி. அதன்பின் ஐந்து மணிக்கெல்லாம் அக்கா கூட்டின் முன் வந்து குந்தியிருந்து, தீந்தைக்காரியின் முட்டையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் தருவார். ஒருநாள் திரும்பிப் பாராமலே சொன்னார்: "உவள் முட்டை போடுற வரைக்கும் அவர் எங்கையோ உயிரோடை இருக்கிறார், பிள்ளை."

நாள்தோறும் முட்டையிடக் காடைக்கு நீண்ட வெளிச்சம் வேண்டும் என்பார் அப்பா. மின்சாரம் இருந்த காலத்தில் கூட்டின் மேல் ஒரு பல்ப் எரிந்தது. மின்சாரமும் போய், மண்ணெண்ணெய் படிப்புக்கே போதாமல், கார்த்திகை மழையிருட்டும் சேர்ந்துகொள்ள, ஒவ்வொன்றாக இடுவதை நிறுத்தின. மார்கழியில் தீந்தைக்காரி மட்டுமே எஞ்சினாள். ஒருநாள் அவளும் இடவில்லை. அக்கா இருட்டும்வரை அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.

அம்மா முட்டை சேர்த்துவைக்கும் தவிட்டுப் பானையில் தீந்தைக்காரியின் முட்டைகள் ஐந்து கிடந்தன. மறுநாள் ஒன்றை எடுத்து, சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, ஐந்து மணிக்குச் சற்று முன் கூட்டின் மூலையில் வைத்தேன். கொப்பியிலும் எழுதினேன். இப்படியே ஐந்து நாள்; ஐந்து நாளும் அக்கா எடுத்தார், தடவினார், தந்தார்.

ஆறாம் நாள் வெறுங்கையோடு நின்றேன்.

"முடிஞ்சுதோ?" என்றார் அக்கா.

தலையை ஆட்டினேன்.

"எத்தினை வைச்சிருந்தனி?"

"அஞ்சு."

பெருவிரலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "முதல் நாளே ஒட்டேல்லை. எனக்கு அஞ்சு நாள் கூடத் தந்திருக்கிறாய். காணும், பிள்ளை."

அந்த ஞாயிறு மாதா கோயிலில் கணவருடைய ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டுக் கறுப்புச் சீலையோடு திரும்பிவந்தார். பிறகு அவர் கூட்டின் பக்கம் வரவேயில்லை.

பங்குனியில் பகல் நீண்டது. ஒரு பின்னேரம் ஐந்து மணிக்குத் தீந்தைக்காரி இட்டாள். எடுத்தேன், சூடாக இருந்தது, விரலெல்லாம் கபிலமாயிற்று. முன்னறைக் கதவு வரை போனேன். உள்ளே அக்கா அந்தக் கறுப்புச் சீலையை மடித்துக்கொண்டிருந்தார். விரலைப் பாவாடையில் துடைத்தேன், திரும்பிவந்து முட்டையைத் தவிட்டுக்குள் புதைத்தேன். அன்றைக்குக் கொப்பியில் எதுவும் எழுதவில்லை.

அக்கா பின்னர் மன்னார் வழியாக இந்தியாவுக்குப் போனார், கடிதம் வந்ததில்லை. 1995 ஐப்பசியில் சண்டைக்கு அஞ்சி எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்கள் கூட்டைத் திறந்துவிட்டுப் போனோம். திரும்பியபோது கூடும் இல்லை, பின்விறாந்தையும் இல்லை. உடுப்புகளோடு வந்த கொப்பி மட்டும் மிஞ்சியது. மருதனார்மடத்துக் கடைகளில் இப்போது காடை முட்டைகள் கழுவிப் பெட்டியில் அடைத்து வருகின்றன. தடவினால் ஒன்றும் ஒட்டுவதில்லை. நாள் தவறாமல் எழுதிப் பழகிய நான், அந்தக் கொப்பியைத் திருத்தப் பலமுறை எடுத்திருக்கிறேன். இடாத ஐந்து முட்டைகளை ஒரு கோட்டில் வெட்டிவிடலாம். இட்ட அந்த ஒன்றை எழுதத்தான் இன்னும் கை வரவில்லை.