படத்தில் வெறுமையாக விட்ட இடம்

மிதிவெடி அகற்றும் வேலையில் நான் சர்வே பகுதியில் இருந்தேன். கருவியோடு காட்டுக்குள் இறங்குமுன் எங்களுக்கு முதல் வேலை படம் கீறுவது. ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு, பெரிய தாளை விரித்து, மார்க்கரை அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். வெடி இருக்கும் என்று சந்தேகப்படும் இடங்களைச் சிவப்பால் அடைப்பார்கள். தெரியாத இடம் வெறும் தாளாகவே கிடக்கும். அது எங்கள் ஆட்களுக்கு விளங்கும் கணக்கு.

பரந்தனுக்குக் கிழக்கே ஒரு மீள்குடியேற்றக் கிராமம். பதினைந்து ஆண்கள் வந்து கூடினார்கள். வயல், கோயில், மேய்ச்சலுக்கு மாடு சாய்க்கும் பாதை என்று போட்டிபோட்டுக் கீறினார்கள். எங்கள் குழுவை நடத்திய ரீம் லீடர் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு வடிவான படம் நான் காணேல்லையடாப்பா" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் செல்வராணி. இடப்பெயர்வுக்கு முன்பே மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். என் தங்கையின் வயதிருக்கும். தட்டைப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கோப்பையை எடுத்தேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று கிழமையில் செய்தி வந்தது. குளத்துக்குப் பின்னால் விறகுக்குப் போன செல்வராணி மிதிவெடியை மிதித்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இடப்பெயர்வுக்கு முன் பெண்கள் விறகுக்குப் போன தடம் அது. ஆண்களுக்கு அது நினைவில் வரவேயில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆண்களை மட்டும் கூப்பிட்டவன் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "அந்தப் பக்கம் ஏன் தங்கச்சி போனனீங்கள்?" என்றேன்.

"திரும்பி வந்த நாளிலயிருந்து பயத்தில போகாமல்தான் இருந்தனான், அண்ணை. அண்டைக்கு உங்கட படத்தைப் பாத்தன். குளத்துக்குப் பின்னால சிவப்பு இல்லை. அப்ப அங்க வெடி இல்லையெண்டு நினைச்சுத்தான் போனனான்."

வெளியே வந்து வாகனத்துக்குள் இருந்து அழுதேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, தாளில் ஓர் இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். தெரியாவிட்டால் கறுப்புக் கோடு போட்டு, "தெரியாது" என்று பெரிதாக எழுதுங்கள். பெண்களை முதலில் கூப்பிடுங்கள். நான் இதைப் படித்துக்கொள்ளச் செல்வராணியின் கால் போகவேண்டியிருந்தது.