பெர்னடெட் வீட்டுக்குக் கொண்டுபோன ஸ்டென்சில்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பெர்னடெட்டைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவள் அடித்த வினாத்தாளைக் கண்டு பயப்படாத பிள்ளை அங்குள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. பன்னிரண்டு வருடமாக அங்கே அவள்தான் தட்டெழுத்தாளர். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் கேள்விகளைத் தட்டுவாள், ரோனியோ இயந்திரத்தில் மாட்டிக் கையால் சுற்றுவாள், பிரதிகளைக் கட்டி ஒப்படைத்துவிட்டு, ஸ்டென்சிலைப் பின்வளவில் கொளுத்துவாள். கொளுத்தியே ஆகவேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தத் தாளில் எல்லாக் கேள்வியையும் வாசிக்கலாம். மகளின் வகுப்புக்கும் அவள்தான் அடித்தாள்; வீட்டில் மூச்சு விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் அந்தத் தலைக்கனம் இறங்கியது. போரால் மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயையும் கண்ணில் காணமுடியாத பொருளாதாரத் தடைக்காலம். விறகும் மழையில் ஊறிக் கிடந்தது. மெழுகும் மையும் பிடித்த ஸ்டென்சிலோ குச்சியைக் காட்டினாலே குப்பென்று பற்றும். இங்கே கொளுத்தினால் என்ன, வீட்டு அடுப்பில் கொளுத்தினால் என்ன என்று நினைத்தாள். மகள் படித்த ஆண்டு பதினொன்றின் கணித ஸ்டென்சிலைச் சுருட்டிக்கொண்டு போய் விறகுக்கிடையில் செருகினாள். மறுநாள் காலை எரித்தும் விட்டாள். ஆனால் ஒரு பின்னேரம் முழுக்க அது அங்கே கிடந்தது.

மகள் மக்டலீன் மக்கு இல்லை, பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடம் விட்டால் தனியார் ரியூட்டரி வகுப்பு, ரியூட்டரி விட்டால் புத்தகம். “எண்பதுக்குக் கீழை எடுத்தால் படலை திறக்கமாட்டன்” என்று தாய் சொல்லி வைத்திருந்தாள். அந்த முறை எண்பதும் போதாது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு பெற்றோமாக்ஸ் விளக்கின் கீழ் அதிபர் அருமைநாயகி பின்னேர வகுப்புத் தொடங்க இருந்தார். கணிதத்தில் முதல் பத்துப் பேருக்கு மட்டும்தான் அந்த வெளிச்சம்.

சோதினை முடிந்தது. இருபத்தொரு பிள்ளைகள் தொண்ணூறைத் தாண்டினார்கள். ரியூட்டரி நடத்தும் தியாகலிங்கம் மாஸ்டர் அவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி ரியூட்டரி வாசலில் தொங்கவிட்டார். கத்தரீனாவின் பெயர் அதில் இல்லை. தீவிலிருந்து இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் இருந்த பிள்ளை அவள். ரியூட்டரி வாசலை மிதித்ததில்லை. எப்போதும் முதலாவதாக வருபவள், எண்பத்து நான்கு எடுத்து இருபத்திரண்டாவது ஆனாள். விளக்கு வகுப்பில் இடமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளின் வெள்ளைச் சட்டையைத் தோய்க்கும்போது பையின் உட்புறத்தில் கறுப்புக் கறை. எத்தனை தரம் கசக்கினாலும் போகாத ரோனியோ மை. பெர்னடெட்டுக்குத் தெரியாத மையா?

“இது எங்கை பட்டது, பிள்ளை?”

மக்டலீன் அழுதாள். ஸ்டென்சிலைப் பார்த்து, மை பட்ட கையால் ஒரு துண்டில் எழுதிப் பையில் மறைத்ததையும், ரியூட்டரியில் கூட்டாளிகளுக்குக் காட்டியதையும் சொன்னாள். பிறகு, “நீங்கள்தானே அம்மா படலை திறக்கமாட்டன் எண்டனீங்கள்” என்றாள்.

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தச் சொல் பெர்னடெட்டைச் சுட்டது.

மறுநாள் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அதிபருக்கு முகம் வெளிறிவிட்டது. “உமக்கு வேலை போகும், பெர்னடெட். பிள்ளையின்ரை பேரும் கெடும். பேசாமல் விடும்.” தியாகலிங்கம் மாஸ்டரிடமும் போய்ச் சொன்னாள்; அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் படிப்பிச்ச பிள்ளையள் தொண்ணூறு எடுக்கக் கூடாதோ?” எவ்வளவு நல்ல மனிதர்கள்! எல்லோருக்கும் தொண்ணூறு வேண்டும், அது எப்படி வந்தது என்பது மட்டும் வேண்டாம்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பெர்னடெட் எழுந்தாள், உட்கார் என்று பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“ஸ்டென்சிலை வீட்டை கொண்டுபோனது நான். பார்த்தது என்ரை மகள். அவள் காட்டேக்கை இருபது பிள்ளையளிலை ஒண்டும் வாய் திறக்கேல்லை. தொண்ணூறு எண்டோடனை நாங்களும் ஏனெண்டு கேட்கேல்லை. இப்ப கத்தரீனா இருட்டுக்கை நிக்கிறாள். திரும்பச் சோதினை வையுங்கோ.”

கூட்டம் கொதித்தது. “எங்கடை பிள்ளையளை ஏன் இழுக்கிறீர்?” என்று ஒருத்தி கத்தினாள். அதிபர் கையை விரித்தார். “வைக்கிறதுக்கு ஸ்டென்சில் எங்கை? இருந்த கடைசியும் முடிஞ்சுது.”

“கையாலை எழுதித் தாறன்.”

அதிபர் மறு சோதினைக்கு நாள் குறித்தார். புதுக் கேள்விகளோடு முப்பத்து நான்கு வினாத்தாள்கள். இரண்டு நாள் அதிபரின் மேசைக்கு முன்னாலேயே இருந்து எழுதினாள். ஒரு துண்டுத் தாளையும் வெளியே கொண்டுபோகவில்லை. விரல் வீங்கியது. எழுதி முடித்ததும், இனி வினாத்தாள் வேலை அவளுக்கு இல்லை, கடிதம் அடித்தால் போதும் என்றார் அதிபர். அது சரியான தீர்ப்பு என்றுதான் பெர்னடெட்டும் நினைத்தாள். என்றாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள்.

திரும்ப வைத்த சோதினையில் கத்தரீனா தொண்ணூற்றொன்று எடுத்து விளக்கின் கீழ் முதல் இடத்தில் போய் இருந்தாள். மக்டலீனுக்கு விளக்கும் இல்லை, எண்பதும் இல்லை. புள்ளி எழுதிய றிப்போட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றாள், தட்டவில்லை.

பெர்னடெட் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து வந்து படலையை அகலத் திறந்தாள்.

“அம்பத்தெட்டு, அம்மா.”

“அம்பத்தெட்டும் உன்ரைதானே. உள்ளுக்கு வா.”