ஐஸில் வந்த கட்டி

பாட்டிலைத் திறந்தேன், ஃபார்மலின் நெடிக்குப் பதிலாகக் கடல் வாசனை.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு பயாப்ஸி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். எதிரே கோவளத்து மீன் வியாபாரி ஆறுமுகம். அவர் மனைவி செல்வியின் மார்புக் கட்டியை அஸ்தினாபுரம் நர்சிங் ஹோமில் சனிக்கிழமை எடுத்து, கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அப்போது அதுதான் வழக்கம். நடுவில் ஞாயிறு, லேப் லீவு.

"அந்தத் தண்ணி இன்னா நாத்தம் சார்! புள்ளைங்க கண்ணு எரியுதுன்னு அழுவுதுங்க. கொட்டிட்டு ஐஸ் போட்டேன். வஞ்சிரமே ரெண்டு நாள் நிக்கும்."

ஸ்லைடு பார்க்கும் எங்கள் லேப் டாக்டர் மேடம் தலையில் கை வைத்தார். "இது மீன் இல்லய்யா!"

"தெரியும் மேடம். என் பொஞ்சாதி. அதான் ஐஸ் கொஞ்சம் தூக்கலாவே போட்டேன்."

திட்ட வந்த மேடம் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, ஸ்லைடில் புற்றுநோய் என்பது தெளிவாகவே தெரிந்தது. எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதுதான் கேள்வி. ஆபரேஷனுக்குப் பின் மருந்து ஏற்றுவதா என்று சர்ஜன் யோசிக்க அதுவும் வேண்டும். ஊதாச் சாயத்தில் ஒரு செல் இரண்டாகும் கணம், ஒரே பூவை இருவர் இழுப்பது போலிருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் மேடம் "ம்" என்பார். நான் கையிலிருக்கும் எண்ணிக்கைக் கவுன்ட்டரை அமுக்குவேன். அன்று "ம்" அபூர்வம். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

"கம்மியா? அப்ப மருந்து வாணாம்ல?" முடிவு கேட்க வந்த ஆறுமுகத்தின் முகம், கண்டது கொஞ்சம்தான் என்றதும் மலர்ந்தது. முடி கொட்டிவிடும் என்று செல்விக்குப் பயம்.

"கம்மின்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன். ஃபார்மலின்லதான் செல்லு இருந்தது இருந்தபடி நிக்கும். இது உருக்குலைஞ்சு போச்சு."

ரிப்போர்ட்டில் "கணிக்க இயலாது" என்று டைப் செய்தேன்.

அடுத்த வாரம் மார்பகத்தையே எடுத்தார்கள். கட்டியின் மிச்சம் அதில் இருந்தது. இம்முறை ஆறுமுகம் ஃபார்மலின் டப்பாவை மடியில் வைத்து, நெடியில் கண்ணீர் வழிய வந்து சேர்ந்தார். "பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தன் ஒக்காரல சார். ராஜா மாதிரி வந்தேன்!"

அந்த ஸ்லைடைப் பார்த்த அன்று மேடம் "ம், ம், ம்" என்று சொல்லிக்கொண்டே போனார். என் கட்டைவிரல் வலித்தது.

ஸ்லைடில் காணாததை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். திசு எப்படி வந்து சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். தொழிலில் நான் கற்றது அதுதான்.

ரிப்போர்ட் வாங்கச் செல்வியே வந்தார். "வேகமாத்தான் பெருகுதும்மா. ஆனா அந்த மாதிரி செல்லைத்தான் இந்த மருந்து நல்லா புடிக்கும்" என்றார் மேடம்.

செல்வி கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏத்துங்க மேடம். மீன் ஏலத்துல நான் கத்துற கத்துக்கு எவன் என் தலைய பாக்கறான்?"