மச்சான் இழுக்கவில்லை

வெற்றிக்கு இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. அப்போது பார்த்து, தாஸ் கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கயிறிழுத்தலில் கடைசி ஆள் கயிற்றை விட்டால் என்ன நடக்கும்? எதிர்ப்பக்கம் இழுக்கிற இழுவையில் முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் குப்புற விழ வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர்கூட விழவில்லை. விஷயம் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும்…

இது நடந்தது தன்னாமுனையில், வாவிக்கரை மைதானத்தில். அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்கள் சனிக்கிழமைகளில் நடத்துகிற விளையாட்டின் ஆண்டு விழா. நான் அங்கே விசில் ஊதுகிறவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். விசிலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஊதினால் போதும்.

தொடங்கும்போது ஒரு பழைய பந்து, விளையாட ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள், வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் ஓரிரு தாய்மார். அவ்வளவுதான். இப்போது ஏறாவூரிலிருந்து வருகிறார்கள், கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு வான் வருகிறது.

ஆனால் ஒன்று வளர்ந்தால் அதோடு சேர்ந்து என்னென்ன வளரும் தெரியுமா? எங்கள் விஷயத்தில் வீரர்கள் கொஞ்சம் வளர்ந்தார்கள், கதிரைகள் நிறைய வளர்ந்தன. தலைவர், உபதலைவர், செயலாளர், ஆலோசகர்கள்... பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி. அன்றைக்குப் பந்தலுக்குக் கீழே கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்களை இறக்கிவிட்டிருந்தால் தாராளமாக இரண்டு உதைபந்தாட்ட அணி போட்டிருக்கலாம். வெயிலில் நின்றவர்கள் யார் என்று கேட்காதீர்கள். விழாவே அவர்களுக்குத்தானே!

பிரதம அதிதி பேசினார். "இந்தப் பிஞ்சுக் குழந்தைகள்…" என்று தொடங்கினார். முன்வரிசையில் நின்ற தாஸ் மீசையைத் தடவிக்கொண்டு, எந்தக் குழந்தை என்று திரும்பிப் பார்த்தார். அந்த மீசையில் நரை விழுந்து இரண்டு வருடமாவது இருக்கும்.

தாஸ் விடியற்காலையில் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர். பக்கத்தில் நின்று இழுப்பது அவருடைய மாமா மகன் றெஜி. நம் ஊரில் மச்சானுக்கு மச்சான் எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டுமா? வாயைத் திறந்தால் பகிடிதான். "டேய் மச்சான், வலைக்க மீன் வருதோ இல்லையோ, நீ போய்ச் சிக்கிராத" என்பார் றெஜி. "உன்னக் கண்டுதான்டா மீன் ஓடுது" என்பார் தாஸ். சின்ன வயதிலிருந்தே இதுதான் அவர்களுடைய காலை வணக்கம்.

இதற்கு நடுவில்தான் நாங்கள் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம்.

தேவையான கூட்டம்தான். பஸ் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்களைப் பார்த்துக் கத்துகிறவர்கள், கல் எடுத்து எறிகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் இளைஞர் கழகத்தைக் கூப்பிட்டு, பெரிய திரையில் படம் காட்டி, 'கேலி செய்யாதீர்கள், அன்பாகப் பேசுங்கள்' என்று சொன்னோம். கழகத்தின் கப்டன் றெஜி. கூட்டத்தில் சொன்னதை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆளும் அவர்தான் — அதுதான் வினை.

மறுநாளிலிருந்து "தாஸ் தம்பி, களைச்சிப் போயிருப்பீங்க, கொஞ்சம் இருங்க" என்று தொடங்கிவிட்டார். கேலியும் இல்லை, மச்சானும் இல்லை. எல்லாம் 'ங்க'.

தாஸ் ஒரு சனிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணன், றெஜி என்னோட கோவமா?"

"இல்லையே தாஸ். ஏன்?"

"ஒரு பகிடியும் விடுறானில்ல. நான் என்ன செஞ்ச?"

தெருவில் போகிறவன் கேலி வேறு, மச்சான் கேலி வேறு. அந்த வித்தியாசம் எங்கள் திரையில் வரவில்லை.

அதனால்தான் விழாவில் இளைஞர் கழகத்தோடு கயிறிழுத்தல் என்று அறிவித்ததும் தாஸ் துள்ளினார். "அண்ணன், அவனுக்குக் காட்டுறன். பிறகு கதைப்பான்!" ஒரு மாதமாக எங்கள் அணியை மாலை மாலையாக இழுக்கப் பழக்கினார்.

விழாவன்று செயலாளர் கழகத்துப் பெடியன்களைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பிரதம அதிதி கப் கொடுக்கும் படம் நாளைக்குப் பேப்பரில் வர வேண்டும், கப் வாங்குவது யார் என்பது முதலே முடிவாக வேண்டும்... அவ்வளவுதான்.

விசில் ஊதினேன். கயிறு எங்கள் பக்கம் மளமளவென்று வந்தது. பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. அப்போதுதான் தாஸ் உட்கார்ந்தார்.

செயலாளர் ஓடி வந்தார். "தம்பி, நீங்கதான் வெண்டிட்டீங்க. எழும்புங்க, ஐயா கப் தரப் போறார்."

"அவன் இழுக்கல்ல."

"யாரு?"

"றெஜி. விடியக்காலம வலை இழுக்கக்க நான் பாக்கிறனான்தானே அவன்ட மூஞ்சிய? பிட்டு அவிக்கிற பானை மாதிரி வேர்த்து ஊதிப்போய் இரிக்கும். இஞ்ச பாருங்க, கமராவுக்குச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறான்."

"சரி தம்பி, கப்ப எடுங்க…"

"நீங்களே வெச்சிக்கங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பந்தலில் யாரோ "முடிவைச் சொல்லுங்க" என்றார். என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. ஆனால் விசில் வாயில்தானே இருந்தது? ஊதினேன். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைத்தேன். கையைக் காட்டினேன் — மறுபடியும்!

றெஜி மெதுவாகக் கேட்டார்: "சேர், நெசமாவா?"

"ஓம்."

சேர்ட்டைக் கழற்றி எறிந்தார். பிறகு ஒரு முகத்தைப் பார்த்தேன் பாருங்கள். தாஸ் சொன்ன பானை அதுதான்!

இந்த முறை கயிறு முறுகியது. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். தாஸின் குதிகால் மணலில் வாய்க்கால் வெட்டியது. கைதட்டுவதா வேண்டாமா என்று பந்தலுக்குத் தெரியவில்லை. நேரம் போனது... கடைசியில் எங்கள் அணி மொத்தமாகக் கோட்டைத் தாண்டிப் போய், ஒருவர் மேல் ஒருவராக விழுந்தது.

பந்தலில் தாள்களைப் புரட்டினார்கள். இவர்கள் தோற்றால் என்ன பேசுவது என்று ஒருவரும் எழுதிக்கொண்டு வரவில்லையே!

றெஜி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, விழுந்து கிடந்த தாஸுக்கு மேலே நின்றார்.

"என்னடா மச்சான், கழுத்து மட்டுக்கும் திண்டுபோட்டு வந்து கயிற விட்டுட்டாய்? உன்ன நம்பி வலையத் தந்தா கடல் எங்களத்தான் இழுத்துக்கிட்டுப் போகும்!"

"வழுக்கிட்டுடா. உன்ட கால் ரெண்டும் நடுங்கினத்த நான் காணல்லெண்டு நினைக்காத!"

"நடுங்கினதா? அது டான்ஸ்டா!"

தாஸ் சிரித்தார். மணல் ஒட்டிய வாயோடு, படுத்தபடியே சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவு நாளாகிறது!

பந்தலில் மைக் கிர்ரென்றது. பிரதம அதிதி எழுந்துவிட்டார். "அன்பான இளைஞனே, இந்தப் பிஞ்சு உள்ளத்தைக் கேலி செய்வது…"

தாஸ் மணலிலிருந்து கையை உயர்த்தினார்.

"ஐயா, அவன் என்ட மச்சான். நீங்க இருங்க."

ஐயா உட்கார்ந்தார். கப்பை றெஜிதான் வாங்கினார். படம் பேப்பரில் வரவில்லை. செயலாளர் என்னோடு இன்னும் கதைக்கவில்லை. "நிகழ்ச்சித்திட்டத்தின் பேர் கெட்டுப்போச்சு" என்று சொல்லித் திரிகிறாராம்.

கெட்டுத்தான் போயிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஏறாவூரிலிருந்து ஒரு தாய், வாட்டசாட்டமான மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். இதுவரை நாங்கள் பார்க்காத முகங்கள்.

"ஒங்கட ஆக்கள் கயிறு இழுத்துத் தோத்தாங்களாமே, சேர்? உண்மையா?"

"ஓம்" என்றேன், வெட்கத்தோடு.

"அப்ப இவள இஞ்ச சேத்துக்கங்க. எங்க கூட்டிட்டுப் போனாலும் இவளுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்தான் குடுக்காங்க. ஊட்டுல கால் நிலத்துல படுதில்ல. ஒருக்காத் தோத்துப் பாக்கட்டும்."

மகள் எங்கள் அணியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். தாஸின் மீசையையும் பார்த்தாள்.

"நான் தோக்க மாட்டன்."

அதைக் கயிறு சொல்லட்டும் என்று விசிலை எடுத்தேன்.