புண்ணுக்கு என்ன வயசு?

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவனைப் பேர் ஏமாற்றாது, ஊர் ஏமாற்றாது, வயசு ஏமாற்றிவிடும். சன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய என் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் காஞ்சிபுரத்தில், தோல் டாக்டரின் அறைக்கு வெளியே எனக்கு அந்த வேலை.

அப்பாவுக்கும் நாற்பது

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் இரண்டு கையிலும் அரிப்போடு வந்தார். வயசு நாற்பது என்றார். அடுத்து நின்றவர் அவருடைய மகன். அவரும் நாற்பது என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முறைத்தேன். மகன் கொஞ்சமும் அசரவில்லை.

"அவரு முன்னாடி நின்னுக்கினு நாப்பதுன்னு சொல்லிட்டாரு சார். நான் இன்னா பண்றது?"

இன்னொரு வயசு

இது போதாதென்று, புதிதாக வந்த டாக்டரம்மா புண்ணின் வயசையும் சீட்டில் எழுதச் சொன்னார். "வெயில், பழைய தீக்காயம், ஒரே இடத்துல உரசல், எல்லாம் தோல்ல வருஷக்கணக்கா சேருதுப்பா. வயசாக ஆக அது கேன்சரா மாறலாம். இருபது வயசுல வரவே வராதுன்னு இல்லை. ஆனா ஆறாத புண்ணோட அறுபது வயசுல ஒருத்தர் வந்தா நான் ரெண்டு தடவை பாக்கணும்" என்றார்.

மறுநாளே சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். சின்ன வயசில் சாயக் கொப்பரை கவிழ்ந்து வெந்த தழும்பு காலில் இருந்தது. அதன் மேல் புதுப் புண். பிறகு பார்த்ததில் வெறும் புண்தான், ஆறியும் விட்டது. ஆனால் புண்ணுக்கு என்ன வயசு என்று நான் கேட்டதும் மனிதருக்கு வந்ததே கோபம்!

"நான் பொறந்த தேதியே எனக்குத் தெரியாது, புண்ணு பொறந்த தேதி கேக்கறியே!"

பத்து நாள்

தென்னேரியிலிருந்து கன்னியம்மா வந்தார். நாற்று நடுகிறவர். பாவாடை நாடா இறுகும் இடுப்பில் புண். தனக்கு நாற்பது, புண்ணுக்குப் பத்து நாள் என்றார். கூட்டம் நெரிந்ததால் தலையைத் தூக்காமல் அப்படியே எழுதினேன். அந்தத் தப்பு என்னுடையது. டாக்டரம்மா களிம்பு கொடுத்து, நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

டீ குடிக்க வெளியே வந்தால், சைக்கிள் ஸ்டாண்டு அருகே கன்னியம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்த வருஷம் வந்த புண்ணாம். பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பாம். சீட்டை வாங்கி, புண்ணுக்கு ஏழு வருஷம், அவருக்கு என் கணக்கில் ஐம்பத்தெட்டு என்று இரண்டு வயசையும் அடித்து எழுதி, அவரை மறுபடி உள்ளே கூட்டிப் போனேன். ஏம்மா பொய் சொன்னீங்க என்று கத்தியும் விட்டேன். அவர் அழுதுவிட்டார்.

"அம்பது தாண்டிச்சுன்னா நடவுக்குக் கூப்புட மாட்டாங்க சார், அதான் எங்க கேட்டாலும் நாப்பதுன்னே சொல்றது. புண்ணு பழசுன்னா நீங்க பெட்டுல போட்டுடுவீங்க. நடவு நேரம் சார் இது!"

புதுச் சீட்டு

டாக்டரம்மா புண்ணிலிருந்து துளி சதை எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். கேன்சர்தான். ஆனால் தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை, வேறெங்கும் பரவவும் இல்லை. மெட்ராசிலேயே வெட்டி எடுத்தார்கள். அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அன்று டீ குடிக்கப் போகாமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன்.

சில மாதம் கழித்து, புடவையைத் தளரக் கட்டிக்கொண்டு, முகம் தெளிந்து வந்தார். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. புதுச் சீட்டு போட வேண்டும், வயசு கேட்க எனக்குத்தான் கூச்சம். அவரே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

"அறுவதுன்னு எழுது சார். எழுவதையும் இதே சன்னல்ல வந்து நானே சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் மறுகேள்வி கேட்காமல் நான் சந்தோஷமாக எழுதிய ஒரே வயசு அதுதான், அதிலும் ஆசையில் இரண்டு வருஷம் கூட்டிவிட்டார் என்றுதான் எனக்குச் சந்தேகம்.