மாமாவைத் தாங்கிய நாற்காலி

எங்கள் வீட்டில் மாமாவைத் தாங்கக்கூடிய நாற்காலி ஒன்றுகூட இல்லை. மாமா என்றால் அத்தையின் கணவர். நைனாவின் ஒரே தங்கையைக் கட்டியவர். திண்டிவனத்தில் லாரி வைத்திருந்தார். ஆள் நல்ல கனம். நாற்காலியைக் கண்டால் அவர் உட்கார்வதில்லை, விழுவார். கல்யாணச் சீராகக் கொடுத்த குஷன் நாற்காலியை அப்படி விழுந்து விழுந்தே அவர் உடைத்துவிட்டதாக அம்மா சொல்வாள்.

அத்தை செஞ்சிக்குத் திரும்பி வந்தபோது, அந்த நாற்காலியும் பஸ்ஸின் கூரைமேல் ஏறி அவளோடு வந்தது. அவள் ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அறுபதுகளின் நடுவில் எட்டு வயதுப் பெண் பிள்ளைக்கு யார் எதைச் சொன்னார்கள்? அவள் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. எனக்குத் தலை பின்னிவிட்டாள், பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். நாற்காலி மட்டும் கடைவீதியில் நைனாவின் மளிகைக் கடைக்குப் பின்னால், மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளோடு கிடந்தது.

ஒருநாள் கடைக்குச் சரக்கு இறக்க வந்த ஆள், ஞாயிற்றுக்கிழமை மாமா வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் சாப்பிட வந்த நைனா அதைச் சொன்னதும் அம்மா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். அத்தை பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டாள்.

"இன்னா பண்ற நீ? வந்தா பெஞ்சுல உக்காரட்டும்" என்றார் நைனா.

"பெஞ்சுல உக்காந்தா அவருக்கு இடுப்பு புடிச்சிக்கும்ணா."

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சாயங்காலம் கடையிலிருந்து நல்ல சாக்குகளாகப் பார்த்து, சணல் கயிறும் கோணி ஊசியும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

அத்தை குறடால் ஆணிகளைப் பிடுங்கி மேல்துணியைப் பிரித்தாள். உள்ளே தேங்காய் நார், கட்டி தட்டிய பஞ்சு, பாக்குத் துண்டுகள், ஒரு சட்டைப் பொத்தான். பொத்தானை என் கவுனில் தைத்துக்கொள்ளலாம் என்றேன். "அது உன்னுதுக்கு ஆவாது" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஸ்பிரிங்குகளைத் தாங்கியிருந்த பட்டைகள் அடியில் இற்றுப்போய்த் தொங்கின. அத்தை சாக்கைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மடித்துத் தைத்து, கட்டில் பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்கும் பின்னினாள். ஒரு முனையை நான் இழுத்துப் பிடிக்க, அவள் ஆணி அடித்தாள்.

"நல்லா இழு பாப்பா. அவரு வுழுந்தா தாங்கணும்."

பிறகு ஸ்பிரிங்குகளை நிறுத்தி, ஒன்றோடொன்று சணலால் கட்டினாள். சணல் அறுத்து அவள் விரல்கள் சிவந்துவிட்டன. பஞ்சை மொட்டை மாடியில் காயப்போட்டோம். கோட்டை மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் வாரிக்கொண்டு போகாமலிருக்க, நான் குச்சியோடு காவலிருந்தேன். கடைசியில் தன் பெட்டியிலிருந்த பச்சைப் போர்வையை வெட்டி மேலே போர்த்தி, சுற்றிலும் ஆணி அடித்தாள்.

"ஏறிக் குதி" என்றாள்.

குதித்தேன். மூச்சு வாங்கும்வரை குதித்தேன். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷங்களாகின்றன. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போதும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அவள் மட்டும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மாமா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நாற்காலியில் விழுந்தார். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. அடுக்களை வாசலில் காபியோடு நின்ற அத்தையை நான் பெருமையாகப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

"தங்கச்சிய எப்ப கூட்டிக்கினு போறீங்க, மாப்ள?" என்று கேட்டார் நைனா.

மாமா தரையைப் பார்த்தார். "அதச் சொல்லத்தான் வந்தேன். அங்க எனக்குப் பையன் பொறந்திருக்கான். இனிமே அதான் எனக்கு வூடு. ஆளு வுட்டுச் சொல்லியனுப்பறது நல்லா இருக்காதுன்னு நானே வந்தேன்."

பையன் பிறந்திருக்கிறான் என்றால் சர்க்கரை கொடுப்பார்களே என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நைனா என்னவோ கத்தினார். மாமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். காபி அத்தையின் கையிலேயே இருந்தது.

நான் ஓடிப்போய் இருக்கையை அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சமும் இறங்கவில்லை. "தாங்கிச்சு அத்தை!" என்று கூவினேன்.

அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகள் இரண்டையும் பச்சைத் துணியின்மேல் பதித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"எழுந்திரு அத்தை, நான் உக்காரணும்."

"கொஞ்சம் இரு பாப்பா. சூடா இருக்குது. ஆறட்டும்."

ஒருவர் எழுந்த சூட்டில் உடனே உட்கார்ந்தால் கட்டி வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எனக்குக் கட்டி வரக்கூடாதென்றுதான் அத்தை தானே அந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, முற்றத்தை விட்டு வெயில் போகும்வரை, ஆறிவிட்டதா, ஆறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னும் இருக்குது" என்றாள் ஒவ்வொரு தடவையும்.

ஒருவர் உட்கார்ந்து எழுந்த சூடு இவ்வளவு நேரமா இருக்கும் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.