எலிகள் ஏன் தண்ணீர் குடித்தன?

போன கிழமை சர்மினி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில், பயணத்துக்கென்று இரவல் வாங்கிப் போன என்னுடைய சூட்கேஸ்.

"இந்தாங்கோ அன்ரி. இனித் தேவைப்படாது."

சர்மினி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள்... எலிகளோடு! அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாடொன்றில் பேச இருந்தவள். விசாகூட வந்துவிட்டது. பிறகென்ன?

உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்துக் கேட்டேன்.

புதிய மருந்தொன்றைக் கொடுத்த எலிகள் மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தன. மருந்து கொடுக்காதவை வழக்கம்போலத்தான் குடித்தன. ஆகவே தாகத்துக்குக் காரணம் மருந்து — இதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. பேராசிரியருக்கும் ஒரே சந்தோஷம்.

ஒருநாள் கூட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மருந்து கலந்த தீனியை மிஷின் ஒரு துண்டு போடும். கொஞ்சம் பொறுத்து அடுத்த துண்டு. எலி தின்றது. ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தது. தட்டைப் பார்த்தது — ஒன்றுமில்லை. திரும்பவும் தண்ணீர்.

மருந்தில்லாத எலிகளுக்கோ முழுத் தீனியும் ஒரே தடவையில், கிண்ணத்தில்!

"அப்பத்தான் யோசிச்சன் அன்ரி. காரணம் மருந்தோ, சாப்பாடு போடுற விதமோ?"

"பேராசிரியரிட்டைச் சொன்னனீயோ?"

"ஓம். குறிப்புக் கொப்பியை வாங்கிப் பாத்தார். பிறகு, 'மாத்திச் செய்து பாருங்கோ' எண்டார்."

மாற்றிச் செய்தாள். மருந்தே இல்லாத தீனியை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகப் போட்டாள் — தண்ணீர்ப் போத்தல் காலி. மருந்துள்ள தீனியை ஒரேயடியாகக் கொட்டினாள் — எலிகள் அளவாகக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டன. மாநாட்டுக்காரர்களுக்கு அன்றைக்கே எழுதி, தன் பேச்சை விலக்கிக்கொண்டாள்.

என் வாய் சும்மா இருக்குமா?

"நீ பேசாமல் இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே, பிள்ளை?"

"எலி தண்ணி குடிச்சது உண்மை அன்ரி. ஏன் குடிச்சதெண்டு நான் சொன்னதுதான் பிழை. அதைப் போய் மேடையில சொல்லேலுமோ?"

கண் கலங்கியிருந்தது. குரல் தடுமாறவில்லை.

"இப்பிடித் துண்டு துண்டாப் போட்டா எலியள் அளவுக்கு மிஞ்சிக் குடிக்குமெண்டு ஆக்கள் முன்னமே எழுதி வைச்சிருக்கினம். நான்தான் பிந்தி வாசிச்சனான்" என்று சிரிக்கவும் செய்தாள்.

அடுத்தவர் பிழையைப் பிடிப்பதில் நாமெல்லோரும் கெட்டிக்காரர்கள். கைதட்டல் காத்திருக்கும் நேரத்தில், தன் பிழையைத் தானே தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ஒருத்தி. என்னைவிட முப்பது வயது இளையவள்.

நேற்று, காலிக்குப் போகும் வீதியின் பஸ் தரிப்பில் அவளைக் கண்டேன். ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கிவிட்டாளாம்.

இந்த முறை எல்லா எலிகளுக்கும் ஒரே பந்திதான்!